டிராஃப்டில் புதிதாக வந்த பேஸ்பால் வீரரின் முதல் மாத எண்களை எப்படிப் படிப்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது. ஜூலை டிராஃப்டில் (மேஜர் லீக் அணிகள் புதிய வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) எங்கள் அணி எடுத்தவர்களில் சிலர் ஆகஸ்டில் சிங்கிள்-ஏ மட்டத்தில் (மேஜர் லீக்கை நோக்கி சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று ஏறும் மைனர் லீக் படிகளில் முதலாவது) ஆடத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் சுற்றில் எடுத்த பள்ளிக்கூட ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) .190 பேட்டிங் சராசரியில் அடிக்கிறார். ஏழாம் சுற்றில் எடுத்த கல்லூரி வீரர் .340 அடிக்கிறார். இரண்டாம் சுற்றுப் பிட்சர் இதுவரை ஒரு பந்துகூட வீசவில்லை. தேர்வு தவறிவிட்டதா? இந்த மைனர் லீக் அமைப்பு தேறுமா தேறாதா என்று எதை வைத்துச் சொல்வது?

முதலில் அந்த .190ஐயும் .340ஐயும் கணக்கில் போட்டுப் பார்ப்போம். டிராஃப்ட் முடிந்து, ஒப்பந்தம் போட்டு, உடற்பரிசோதனை முடித்து வரும் ஒருவருக்கு அந்தப் பருவத்தில் நூறு முறை பேட்டிங் கிடைத்தால் அதுவே அதிகம். நூறில் .190 என்றால் 19 ஹிட் (பேட்டரைப் பத்திரமாக பேஸில் சேர்க்கும் அடி). .340 என்றால் 34 ஹிட். உண்மையான திறன் .270 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரை நூறு நூறு முறையாக ஆடவிட்டால், இருபது தடவைக்குப் பத்தொன்பது தடவை .180க்கும் .360க்கும் இடையில் எங்காவது நிற்பார் என்கிறது நிகழ்தகவுக் கணிதம். ஆகவே உங்கள் ஷார்ட்ஸ்டாப்பும் ஏழாம் சுற்றுக்காரரும் சரிசமமான ஆட்டக்காரர்களாக இருந்தாலும் இதே இரண்டு எண்கள் வந்திருக்க முடியும். ஒரு மாதத்து பேட்டிங் சராசரியை வைத்து யாரையும் தூக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

1992 டிராஃப்டில் நியூயார்க் யாங்கீஸ் மொத்தத்தில் ஆறாவதாக எடுத்த பள்ளிக்கூட ஷார்ட்ஸ்டாப் அந்தக் கோடையில் மைனர் லீக்கின் அடிமட்டமான கல்ஃப் கோஸ்ட் லீக்கில் .202 அடித்தார். மறு ஆண்டு யாங்கீஸின் மைனர் லீக் கிளையான கிரீன்ஸ்பரோவில் ஒரே பருவத்தில் 56 ஃபீல்டிங் பிழைகள் செய்தார். அவர் டெரெக் ஜீட்டர். 3,465 ஹிட்டுகளோடு ஓய்வு பெற்றார். அவரை முதல் தேர்வாக எடுக்கும்படி ஹூஸ்டன் அணியிடம் மன்றாடிய ஸ்கவுட் (இளம் வீரர்களைத் தேடி மதிப்பிடுபவர்) ஹால் நியூஹவுசர், தம் காலத்தில் பெரிய பிட்சராக இருந்தவர். ஹூஸ்டன் ஜீட்டரை விட்டுவிட்டு பில் நெவினை எடுத்தபோது நியூஹவுசர் வேலையையே உதறினார். அந்த மனிதர் பார்த்தது ஒரு மாதத்து எண்ணில் தெரியாது என்பதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளே சாட்சி.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். இன்று டிராஃப்டில் வருகிறவருக்கு முதல் கோடை முன்பைவிடக் கடினமானது. 2020 வரை டிராஃப்ட் ஜூனில் நடந்தது. புதிதாக வந்தவர்கள் நியூயார்க்-பென் லீக் போன்ற குறும்பருவ லீக்குகளில், தங்களைப் போலவே புதிதாக வந்தவர்களோடு ஆடிப் பழகினார்கள். 2021 மறுசீரமைப்பில் அந்த லீக்குகள் மறைந்தன. மைனர் லீக் அணிகள் 160இலிருந்து 120 ஆகக் குறைந்தன. டிராஃப்ட் ஜூலைக்குத் தள்ளிப்போயிற்று. 2024 முதல் அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் அணிகளின் பயிற்சி மையங்களில் நடக்கும் தொடக்கநிலை காம்ப்ளெக்ஸ் லீக்குகளும் ஜூலையோடு முடிந்துவிடுகின்றன. ஆகவே பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பையன் ஆடுவதானால், ஏப்ரலிலிருந்து ஆடிக்கொண்டிருக்கும் சிங்கிள்-ஏ ஆட்டக்காரர்களுக்கு நடுவில் நேராகப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. போன மே மாதம் பள்ளி மைதானத்தில் உலோக மட்டை பிடித்தவர் அவர். இப்போது கையில் மர மட்டை. எதிரே இருபத்திரண்டு வயதுப் பிட்சர். வாரத்துக்கு ஆறு ஆட்டம். அந்த .190ஐ இந்த நிலையில் வைத்துப் பாருங்கள்.

சரி, எதைத்தான் பார்ப்பது? ஒரு வீரரைப் பற்றிய செய்திகளை அவை தெரியவரும் வேகத்தை வைத்துப் பிரித்துக்கொள்வது என் வழக்கம். சில ஒரே நாளில் தெரிந்துவிடும். சில ஒரு மாதத்தில் தெரியும். சில மூன்று ஆண்டுகள் ஆகாமல் தெரியாது. பலர் செய்யும் தவறு, மூன்று ஆண்டுகளில் தெரிய வேண்டியதை ஒரு மாதத்தில் தேடுவது.

ஒரே நாளில் தெரிவது உடலின் திறன். அடித்துவிட்டு ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸுக்கு ஓடும் 90 அடியை வலக்கை பேட்டர் ஒருவர் ஏறத்தாழ 4.3 விநாடியில் கடந்தால் மேஜர் லீக் அளவில் சராசரி. அதே தூரத்தை 4.0 விநாடியில் கடப்பதைக் கடிகாரத்தில் பிடித்துவிட்டீர்கள் என்றால் அவருக்கு வேகம் இருக்கிறது, அவ்வளவுதான். அதை உறுதிப்படுத்த நூறு ஆட்டம் தேவையில்லை. கேட்சர் பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிய இரண்டு விநாடி எடுப்பதும், பிட்சரின் ஃபாஸ்ட்பால் மணிக்கு 97 மைல் போவதும் இந்த வகைதான். அடித்த பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகமும் அப்படியே. பதினெட்டு வயதுப் பையன் ஒரு பந்தை 110 மைல் வேகத்தில் அடித்தால், அது அவுட்டாகவே போயிருந்தாலும், அந்த வேகம் தற்செயலாக வராது. உடலில் அந்த விசை இருப்பவரால்தான் அப்படி அடிக்க முடியும். சிங்கிள்-ஏ லீக்குகளில் ஃபுளோரிடா ஸ்டேட் லீக்கின் ஆட்டங்களுக்கு இந்த அளவீடுகள் பொதுமக்களுக்கும் கிடைக்கின்றன. உங்கள் அணியின் கிளை அந்த லீக்கில் இருந்தால் பேட்டிங் சராசரிக்கு முன் அதைப் பாருங்கள்.

ஸ்கவுட்டுகள் இவற்றை 20 முதல் 80 வரையான மதிப்பெண்ணாகத் தருகிறார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. 60 நல்லது, 70 மிக அரிது, 80 தலைமுறைக்குச் சிலர். ஹிட், பவர், ஓட்டம், ஃபீல்டிங், எறியும் கை என்று ஐந்து திறன்கள். ஒவ்வொன்றுக்கும் இன்றைய மதிப்பெண் ஒன்று, வளர்ந்தபின் எதிர்பார்க்கும் மதிப்பெண் இன்னொன்று. புதிதாக வந்தவரின் அறிக்கையில் அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் கவனிக்க வேண்டும். இன்று 45, நாளை 50 என்று எழுதப்பட்ட கல்லூரி வீரரிடம் வியப்பதற்கு அதிகம் இல்லை, பயப்படுவதற்கும் இல்லை. இன்று 25, நாளை 60 என்று எழுதப்பட்ட பள்ளிக்கூட வீரர் இரண்டுக்கும் இடமளிப்பவர். ஐந்திலும் கணிக்கக் கடினமானது ஹிட். மற்ற நான்கையும் பயிற்சி மைதானத்தில் பார்த்துவிடலாம். விலகிப்போகும் ஸ்லைடரும் வளையும் கர்வ்பாலும் கலந்து வரும்போது எதை அடிப்பது, எதை விடுவது என்ற முடிவை அரை விநாடிக்கும் குறைவான நேரத்தில் எடுக்கும் கண்ணைப் பயிற்சியில் பார்க்க முடியாது.

ஒரு மாதத்தில் தெரியத் தொடங்குவது அந்தக் கண்ணின் முதல் அறிகுறிகள். ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) விகிதம் அறுபது முறை பேட்டிங் வந்த பிறகே ஓரளவு பொருள் தரத் தொடங்கும். வாக் (நான்கு தவறான பந்துகள் வந்ததால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) விகிதத்துக்கு அதைப்போல் இரு மடங்கு வேண்டும். அடித்த பந்து ஹிட்டாக விழுகிறதா, ஃபீல்டர் கையில் போகிறதா என்பது தெளிய ஒரு முழுப் பருவம்கூடப் போதாது. ஆகவே .190 அடிக்கும் பையனைப் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்வி: நூறில் எத்தனை முறை ஸ்ட்ரைக் அவுட்? பதினெட்டு என்றால் கவலையே இல்லை, பந்துகள் ஃபீல்டர் இருக்கும் திசையில் போயிருக்கின்றன. முப்பத்தெட்டு என்றால் கவனிக்க வேண்டும்; அதிலும் ஸ்ட்ரைக் ஸோன் என்ற அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே போகும் பந்துகளைத் துரத்துகிறாரா, உள்ளே வரும் வேகப்பந்துக்குத் தாமதமாகிறாரா என்று பார்க்க வேண்டும். தாமதம் என்றால் உடலும் நேரக்கணிப்பும் தேறத் தேறச் சரியாகும். துரத்துவது பழக்கம். அது எளிதில் விடாது.

இனி மூன்றாவது வகை. இதை விளக்க ஒரு குறிப்பிட்ட அணியின் ஒரு குறிப்பிட்ட ஆண்டை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தப் பாடத்தை இவ்வளவு முழுமையாகக் கற்றுத்தரும் இன்னொரு டிராஃப்ட் தொகுதியை நான் பார்த்ததில்லை: பாஸ்டன் ரெட் சாக்ஸ், 2011.

2010 பருவம் முடிந்ததும் விக்டர் மார்டினெஸ் டெட்ராய்ட்டுக்கும் ஏட்ரியன் பெல்ட்ரே டெக்சஸுக்கும் போனார்கள். அன்றைய விதிப்படி அதற்கு ஈடாக பாஸ்டனுக்குக் கூடுதல் தேர்வுகள் கிடைத்தன. 19ஆவது இடத்தில் கனெக்டிகட் பல்கலைக்கழகப் பிட்சர் மாட் பார்ன்ஸை எடுத்தார்கள். 26இல் நியூ மெக்சிகோவின் பள்ளிக்கூட கேட்சர் பிளேக் ஸ்வைஹார்ட். 36இல் கலிபோர்னியாவின் பள்ளிக்கூட இடக்கைப் பிட்சர் ஹென்றி ஓவன்ஸ். 40இல் சவுத் கரோலினா பல்கலைக்கழக அவுட்ஃபீல்டர் ஜாக்கி பிராட்லி ஜூனியர். பிறகு ஐந்தாம் சுற்றில், மொத்தத்தில் 172ஆவதாக, நாஷ்வில் நகரத்துப் பள்ளிப் பையன் மூக்கி பெட்ஸ். ஒன்பதாம் சுற்றில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழக இன்ஃபீல்டர் டிராவிஸ் ஷா.

பெட்ஸ் ஐந்தடி ஒன்பது அங்குலம். 2012இல், பத்தொன்பது வயதில், பாஸ்டனின் கிளையான லோவல் ஸ்பின்னர்ஸ் அணிக்காக நியூயார்க்-பென் லீக்கில் 71 ஆட்டங்கள் ஆடினார். சராசரி .267. ஹோம் ரன் ஒன்றுகூட இல்லை. அந்த வரியை மட்டும் பார்த்தால், உயரமும் இல்லை, பவரும் இல்லை, இன்ஃபீல்டின் நடுவில் ஆடுபவர் என்று பக்கத்தைப் புரட்டிவிடத் தோன்றும். ஆனால் அதே வரியில் இன்னும் இரண்டு எண்கள் இருந்தன: 32 வாக், 30 ஸ்ட்ரைக் அவுட். பெரும்பாலும் கல்லூரி முடித்து வந்த பிட்சர்களுக்கு எதிராக, பள்ளி முடித்த பையன் ஸ்ட்ரைக் அவுட் ஆனதைவிட அதிகமுறை வாக் வாங்கியிருந்தார். மறு ஆண்டு பாஸ்டனின் சிங்கிள்-ஏ கிளையான கிரீன்வில்லில் தொடங்கியபோது முதல் சில வாரங்கள் .200ஐக்கூட எட்டவில்லை. அப்போதும் கண் மாறவில்லை. பருவம் முடியும்போது இரண்டு மட்டங்களில் சேர்த்து .314, 15 ஹோம் ரன், 81 வாக், 57 ஸ்ட்ரைக் அவுட். 2014 ஜூனில், 21 வயதில், மேஜர் லீக்கில் இறங்கினார். 2018இல் .346 அடித்து, 32 ஹோம் ரன்களோடு அமெரிக்கன் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும், அணியோடு உலகத் தொடரையும் வென்றார்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். 2012இல் அந்த 32, 30 என்ற எண்களைப் பார்த்த எவராலும் 2018இன் 32 ஹோம் ரன்களைக் கண்டிருக்க முடியாது. நல்ல கண் இருந்தும் டபுள்-ஏ மட்டத்தைத் தாண்டாதவர்கள் ஏராளம். அந்த எண்கள் சொன்னது ஒன்றுதான்: இந்தப் பையனுக்குக் காத்திருக்கலாம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் பழமொழி. மைனர் லீக்கில் முளையைப் பார்த்துத் தெரிவது வேர் பிடித்திருக்கிறதா என்பது மட்டும். கதிர் எத்தனை மணி வைக்கும் என்பது தெரியாது.

எண்கள் நன்றாக இருப்பதே போதும் என்றால் ஓவன்ஸ் பெரிய பிட்சராகியிருக்க வேண்டும். 2013இல் ஹை-ஏ, டபுள்-ஏ இரண்டிலும் சேர்த்து 135 இன்னிங்ஸில் 169 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். பார்க்கப் பிரமாதமான எண். ஆனால் அவர் ஃபாஸ்ட்பால் மணிக்கு 90 மைலை ஒட்டியே இருந்தது. ஃபாஸ்ட்பால் போலக் கிளம்பி மெதுவாக வரும் சேஞ்ச்அப் மிக நல்ல பந்து. கீழ்மட்டத்து இளம் பேட்டர்கள் அதைத் துரத்தித் துரத்தி ஏமாந்தார்கள். மேலே போகப் போக துரத்துபவர்கள் குறைந்தார்கள். துரத்தாத பேட்டரிடம் 90 மைல் ஃபாஸ்ட்பாலை மூலையில் துல்லியமாக வைக்க வேண்டும். அந்தத் துல்லியம் அவரிடம் அமையவில்லை. 2015, 2016 ஆகிய இரண்டு பருவங்களில் பாஸ்டனுக்காக 16 ஆட்டங்கள் தொடங்கினார். அதோடு மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. பிட்சரின் ஸ்ட்ரைக் அவுட் எண்ணிக்கையைப் பார்க்கும்போது எந்தப் பந்தால், எப்படிப்பட்ட பேட்டரிடம் அது வந்தது என்று கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓவன்ஸ்தான்.

பார்ன்ஸ் கதை அதற்குப் பக்கத்துக் கதை. 2012இல் கிரீன்வில்லில் தொடங்கிய முதல் ஐந்து ஆட்டங்களில் ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு ரன்னுக்கும் குறைவாக விட்டுக்கொடுத்த சராசரி. ஃபாஸ்ட்பால் ஒன்றே போதுமானதாக இருந்தது. அந்த மட்டத்தில் ஃபாஸ்ட்பால் மட்டும் வீசி ஜெயிக்கிற கல்லூரிப் பிட்சர், மூன்றாவது வகைப் பந்து ஒன்று தேவை என்பதை டபுள்-ஏவில்தான் உணர்வார். பார்ன்ஸ் கடைசியில் தொடக்கப் பிட்சராக அல்ல, ஆட்டத்தின் பின்பகுதியில் இறங்கும் ரிலீவராக நிலைத்தார். 2018 உலகத் தொடரை வென்ற அணியில் இருந்தார், 2021இல் ஆல்-ஸ்டார் ஆனார். அது தோல்வி அல்ல. 19ஆவது தேர்வுக்கு இது நியாயமான விளைச்சல் என்றே சொல்வேன். ஆனால் 2012 மே மாதத்தில் அந்த எண்களைப் பார்த்து அணியின் அடுத்த முதல்நிலைத் தொடக்கப் பிட்சர் என்று எழுதியவர்கள் தவறிவிட்டார்கள்.

பிராட்லியை முதல் நாள் பார்த்தவரே அவர் ஃபீல்டிங்கைச் சரியாகச் சொல்லியிருப்பார். பந்து மட்டையில் படும் ஒலி கேட்பதற்குள் அவர் கால் கிளம்பியிருக்கும். அது கடைசிவரை மாறவில்லை. 2018இல் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருது வாங்கினார். பேட்டிங்கோ 2014இல் .198, 2016இல் 26 ஹோம் ரன்களோடு ஆல்-ஸ்டார், பிறகு மறுபடி இறக்கம். அது கடைசிவரை நிலைப்படவே இல்லை. ஒரே ஆளிடம் ஒரே நாளில் தெரியும் திறனும் பத்தாண்டுகளாகியும் பிடிபடாத திறனும் சேர்ந்திருந்தன.

ஸ்வைஹார்ட்டின் கதைதான் மனத்தை வருத்துவது. இருபக்கமும் பேட்டிங் ஆடும் கேட்சர், 25 லட்சம் டாலர் ஒப்பந்தத்தொகை, 2015இல் 23 வயதில் மேஜர் லீக்கில் .274. எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது. 2016 ஜூனில் லெஃப்ட் ஃபீல்டில் ஆடும்போது சுவரோரம் பந்தைத் துரத்திக் கணுக்காலில் பலத்த அடி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பழைய ஆட்டம் திரும்பவில்லை. எந்த ஸ்கவுட் அறிக்கையிலும் இதற்கு மதிப்பெண் கிடையாது. ஒரு தொகுதியை மதிப்பிடும்போது சிலர் காயத்தில் போவார்கள் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைக்கத்தான் வேண்டும். யார் என்று மட்டும் தெரியாது.

ஒன்பதாம் சுற்று ஷா 2015இல் மேலே வந்தார். 2016 டிசம்பரில் டைலர் தோர்ன்பர்க் என்ற ரிலீவருக்காக மில்வாக்கிக்கு மாற்றப்பட்டார். தோர்ன்பர்க் தோள் காயத்தால் 2017 முழுவதும் ஆடவில்லை. ஷா அதே ஆண்டு 31 ஹோம் ரன், மறு ஆண்டு 32 அடித்தார். உங்கள் ஏழாம் சுற்றுக் கல்லூரி வீரரை ஒதுக்கிவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இவர் ஒரு காரணம்.

ஏழாம் சுற்றுக்காரரின் .340ஐ அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. வயதுக்கும் மட்டத்துக்கும் உள்ள உறவுதான் இங்கே முக்கியம். கல்லூரியில் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஆடிவிட்டு 21, 22 வயதில் வரும் ஒருவர், பெரிய கல்லூரி லீக்கிலிருந்து வந்தவரானால், சிங்கிள்-ஏ பிட்சர்களுக்கு ஒப்பான பந்தை ஏற்கெனவே பார்த்திருப்பார். அங்கே அவர் நன்றாக ஆடுவது எதிர்பார்க்கப்படுவது. ஆடாவிட்டால்தான் செய்தி. பதினெட்டு வயதுப் பையன் அதே மட்டத்தில் தடுமாறாமல் நின்றாலே அது செய்தி. மைதானமும் பொய் சொல்லும். டிரிபிள்-ஏ மட்டத்தில் ஆல்புகெர்க்கி ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது, பந்து நெடுந்தூரம் பறக்கும், கர்வ்பால் சரியாக வளையாது. அங்கிருந்து வரும் ஹோம் ரன் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்தும், அங்கே ஆடும் பிட்சரின் ரன் சராசரியைக் கொஞ்சம் மன்னித்தும் படிக்க வேண்டும்.

பந்தே வீசாத பிட்சரைப் பற்றிக் கேட்டீர்கள். அது நல்ல நிர்வாகத்தின் அடையாளம். கல்லூரிப் பருவம் பிப்ரவரியில் தொடங்கி ஜூன்வரை போகிறது. நல்ல தொடக்கப் பிட்சர் அதற்குள் தொண்ணூறு, நூறு இன்னிங்ஸ் வீசியிருப்பார். அந்தத் தோளுக்கு ஓய்வு கொடுத்து, பந்து பிடிக்கும் விதத்தையும் வீசும் அசைவையும் பயிற்சிக்கூடத்தில் கேமராக்கள் முன்னால் திருத்தி, அடுத்த ஏப்ரலில் இறக்குவதுதான் இன்று பல அணிகளின் வழக்கம். முதல் கோடையில் வீசிய சில இன்னிங்ஸ் எவ்வளவு குறைவாகச் சொல்லும் என்பதற்கு ஜேக்கப் டிகிராம் இருக்கிறார். ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்து பிட்சராக மாறியவர். 2010இல் ஒன்பதாம் சுற்றில் மெட்ஸ் எடுத்தது. அந்தக் கோடையில் 26 இன்னிங்ஸ், ஒன்பது இன்னிங்ஸுக்கு ஐந்து ரன்னுக்கு மேல் சராசரி, பிறகு முழங்கை நாண் அறுவை சிகிச்சை, 2011 முழுவதும் ஆட்டமில்லை. 2018இலும் 2019இலும் நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்கு. எதிர்த்திசையில், வேகம் குறைவாக இருந்தும் கட்டுப்பாட்டால் மட்டும் கவனிக்க வைத்தவர் ஷேன் பீபர். 2016இல் கிளீவ்லாந்து நான்காம் சுற்றில் எடுத்தது. 2017இல் மைனர் லீக்கில் 170 இன்னிங்ஸுக்கு மேல் வீசி பத்தே பத்து வாக் கொடுத்தார். பந்தை விரும்பிய இடத்தில் வைக்கத் தெரிந்தவருக்கு அணி வேகத்தைச் சேர்த்துக்கொடுத்தது. 2020இல் அவரும் சை யங் வாங்கினார்.

சுற்று எண்ணைவிட ஒப்பந்தத்தொகையைப் பாருங்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். 2012 முதல் ஒவ்வொரு அணிக்கும் மொத்தத் தொகைக்கு வரம்பு இருக்கிறது. முதல் பத்துச் சுற்றுகளின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிர்ணயத் தொகை. ஒன்பதாம் சுற்றில் கல்லூரியின் நான்காம் ஆண்டு முடித்த ஒருவரைச் சொற்பத் தொகைக்கு எடுத்து, மிச்சப்பட்ட பணத்தைப் பதினொன்றாம் சுற்றில் வரும் பள்ளிக்கூட வீரருக்குக் கொடுப்பது வழக்கமான உத்தி. அப்போது பதினொன்றாம் சுற்றுக்காரர்தான் அணியின் கண்ணில் பெரியவர். பெட்ஸ் ஐந்தாம் சுற்றுக்காரர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவருக்கு பாஸ்டன் கொடுத்தது 7,50,000 டாலர். டென்னசி பல்கலைக்கழகத்துக்குப் போகவிருந்தவரைத் திருப்பிய பணம் அது. ஐந்தாம் சுற்றுக்கு அது சாதாரணத் தொகை அல்ல. அணி அவரை எப்படிப் பார்த்தது என்பதை அந்தத் தொகை சொல்கிறது.

மொத்த அமைப்பை மதிப்பிடும்போது வெளியாகும் முதல் நூறு பேர் பட்டியலில் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணாதீர்கள். ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்ட், கேட்சர் ஆகிய நடுக்கோட்டு இடங்களில் எத்தனை பேர் என்று பாருங்கள். அவர்கள் வேறு இடத்துக்கு மாற முடியும், முதல் பேஸ் ஆடுபவருக்கு மாற இடமில்லை. இரண்டாம் பேஸில் டஸ்டின் பெட்ரோயா இருந்ததால் பெட்ஸ் அவுட்ஃபீல்டுக்கு மாறினார். மாற முடிந்ததே அவர் மதிப்பு. மைனர் லீக் வீரர்கள் பேரத்துக்கான முதலும்கூட. பாஸ்டன் 2016 டிசம்பரில் யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் உள்ளிட்ட இளைஞர்களைக் கொடுத்து கிறிஸ் சேலை வாங்கியது. இரண்டு ஆண்டுகளில் கோப்பை. அந்த இளைஞர்கள் பாஸ்டன் சீருடையில் நிலைக்கவில்லை என்பதால் அவர்களை வளர்த்த உழைப்பு வீணாகிவிடவில்லை.

உங்கள் மூவரிடம் வருகிறேன். ஷார்ட்ஸ்டாப்பின் ஸ்ட்ரைக் அவுட்டையும் வாக்கையும் எண்ணி வையுங்கள், சராசரியை மறந்துவிடுங்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் அதே இரண்டு எண்களை மறுபடி பாருங்கள். அப்போது அவருக்கு முந்நூறு முறைக்கு மேல் பேட்டிங் கிடைத்திருக்கும், பேச விஷயம் இருக்கும். பிட்சருக்கு ஏப்ரல்வரை எதுவும் கேட்காதீர்கள். வந்தபின் ஃபாஸ்ட்பால் வேகம் ஐந்தாவது இன்னிங்ஸிலும் நிற்கிறதா, மூன்றாவது வகைப் பந்து ஒன்றை நம்பி வீசுகிறாரா என்று பாருங்கள். ஏழாம் சுற்றுக்காரர் ஏப்ரலில் எங்கே தொடங்குகிறார் என்பதைக் கவனியுங்கள். அணிக்குள் இருப்பவர்கள் நமக்குத் தெரியாத அளவீடுகளை வைத்திருக்கிறார்கள். ஹை-ஏவில் தொடங்கினால் அந்த .340ஐ அவர்களும் ஓரளவு நம்புகிறார்கள். மறுபடி சிங்கிள்-ஏவிலேயே வைத்தால், 22 வயதுக்காரருக்கு அது அவர்களின் பதில்.